வெயிலை முந்தும் சைக்கிள்கள்

ஐக்கிய அரபு அமீரகத்தில் சைக்கிள் மிதிக்கும் இந்தியர்கள் இரண்டு ரகம். முதல் ரகம் வார விடுமுறை நாளில் விடியலுக்கு முன்பே எழுந்து, காரின் பின்னால் சைக்கிளை மாட்டிக்கொண்டு பாலைவனத்துக்குப் போகிறது. இரண்டாவது ரகத்துக்கு சைக்கிள்தான் கார். லேபர் கேம்ப்பிலிருந்து வேலை இடத்துக்கும், குரோசரி கடையிலிருந்து அடுக்குமாடி வீடுகளுக்கும் அதில்தான் போய் வருகிறது. தூதரகக் கணக்குப்படி அந்த நாட்டில் 35 லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் இருக்கிறார்கள். மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு ரகத்துக்கும் பாஸ்போர்ட் ஒன்று, வெயிலும் ஒன்று. பாதைதான் வேறு வேறு.

முதல் ரகத்தின் புண்ணிய பூமி அல் குத்ரா. துபாயின் கட்டடங்கள் முடிந்து மணல் தொடங்கும் பகுதியில், அல் மர்மூம் பாலைவனக் காப்பகத்தின் ஊடே எண்பது கிலோமீட்டருக்கும் மேலாக நீளும் தனிப்பாதை. கார் நுழைய முடியாது. தொடக்கத்தில் வாடகைக்கு சைக்கிள் தரும் கடை, காபிக்கடை, கழிப்பறை எல்லாம் உண்டு. குளிர்காலத்தில் விடியும் முன்பே கார் நிறுத்துமிடம் நிரம்பிவிடும். வங்கி அதிகாரி, மென்பொருள் மேலாளர், பல் மருத்துவர் எல்லாரும் உடம்பைப் பிடிக்கும் கலர் கலரான பனியனும் ஹெல்மெட்டுமாக ஒரே ஜாடையில் நிற்பார்கள். சென்னையிலோ கொச்சியிலோ கல்லூரி முடித்ததோடு சைக்கிளை மறந்தவர்கள், நாற்பது வயதில் டாக்டர் சர்க்கரை அளவைச் சொன்ன பிறகு இங்கே வந்து ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டுகிறார்கள். சில சமயம் பாதைக்குப் பக்கத்திலேயே நீண்ட கொம்புள்ள ஓரிக்ஸ் மான்கள் நின்று இவர்களை வேடிக்கை பார்க்கும். 2022 ஜனவரியில் அமீரகம் வார விடுமுறையை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாற்றியபோது சைக்கிள் குழுக்களின் நாட்காட்டியும் கூடவே மாறியது.

அரசாங்கமும் தாராளம். அபுதாபியில் பார்முலா ஒன் கார்ப் பந்தயம் நடக்கும் யாஸ் மரினா ஓடுபாதையை சில மாலைகளில் சைக்கிள்காரர்களுக்கு இலவசமாகத் திறந்துவிடுகிறார்கள். பெண்களுக்கு மட்டுமான மாலையும் உண்டு. 2021இல் சர்வதேச சைக்கிள் சங்கம் அபுதாபிக்கு 'சைக்கிள் நகரம்' என்ற பட்டம் கொடுத்தது. ஆசியாவில் அதைப் பெற்ற முதல் நகரம் அதுதான். 2019 முதல் ஐரோப்பாவின் தொழில்முறை வீரர்கள் ஒவ்வொரு பிப்ரவரியும் அமீரகச் சுற்றுக்கு வந்து அல் ஐன் பக்கத்தில் ஜபல் ஹஃபீத் மலை ஏறுகிறார்கள். பெட்ரோல் தண்ணீராய் ஓடும் நாட்டில் மிதிவண்டிக்கு இத்தனை மரியாதையா என்று வியக்கலாம். நடக்கக்கூட இடமில்லாமல் கட்டிய நகரங்களில் நீரிழிவும் உடல் பருமனும் ஆட்சியாளர்களையே கவலைப்பட வைத்திருக்கின்றன என்பது காரணங்களில் ஒன்று.

இந்தியாவிலிருந்து புதிதாக வருபவர் முதலில் சொல்வது, "நாம் பார்க்காத வெயிலா?" வேலூரும் நாக்பூரும் 45 டிகிரியைத் தொட்ட ஊர்கள்தான். ஆனால் வேலூர் சாலையில் ஒரு புளியமரம் இருக்கும். அதனடியில் டீக்கடை இருக்கும். தலை சுற்றினால் பிடித்து உட்கார வைக்க நாலு பேர் இருப்பார்கள். அல் குத்ராவில் நிழல் அரிது. 2025 மே மாதத்தில் அபுதாபி எமிரேட்டின் சுவைஹானில் பதிவானது 51.6 டிகிரி. அது நிழலில் எடுக்கப்படும் அளவு. கறுப்புத் தார் இதைவிட வெகுவாகச் சுடும்.

மனித உடல் ஒரு மோசமான எஞ்சின். மிதிக்கச் செலவாகும் சக்தியில் நாலில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் பெரிய விஷயம். மீதி முழுவதும் வெப்பமாக உடம்புக்குள்ளேயே நிற்கிறது. தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிராக இருக்கும்வரை வேகமாகப் போகப் போக உடம்பு ஆறும். காற்று அதைவிடச் சூடானால் எதிர்க்காற்றே அடுப்பு ஊதுகிற மாதிரி ஆகிவிடும். அதன் பிறகு ஒரே வழி வியர்வை. அது ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டும். உள்நாட்டுப் பாலைவனத்தின் உலர்ந்த காற்றில் அது நடக்கிறது. அதிவேகமாக நடப்பதால்தான் பனியனில் ஈரமே தெரியாமல் மணிக்கு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் என்று உடம்பிலிருந்து தண்ணீர் போய்விடுகிறது. நின்ற பிறகுதான் தெரியும். பனியனில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள்.

கடற்கரையில் கதை வேறு. ஆகஸ்டில் துபாயின் விடியற்காலை முப்பது டிகிரிக்கு மேலேயே இருக்கும். காற்றில் ஈரமும் அந்த நேரத்தில்தான் உச்சம். வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். சொட்டுகிற வியர்வையால் உடம்புக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. எனவே, "நான் காலை நான்கு மணிக்கே போய்விடுகிறேன், எனக்கென்ன" என்கிற தைரியம் கோடையில் பாதிதான் செல்லும். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி எடுக்கும் அளவை ஈரக்குமிழ் வெப்பம் என்பார்கள். அது 35 டிகிரியைத் தொட்டால் ஆரோக்கியமான உடம்பும் தாங்காது என்பது பழைய கணக்கு. பென்சில்வேனியா மாகாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இளவயதினரை அறைக்குள் வைத்துச் சோதித்து 2022இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஈரமான காற்றில் எல்லை 31 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே வந்துவிடுகிறது. அதுவும் மெல்லிய வேலைக்கு. பத்துக் கிலோ அரிசியை வைத்து மிதிப்பதற்கு அல்ல.

உடம்பு பழகிக்கொள்ளும், உண்மைதான். ஒன்றிரண்டு வாரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலில் உழைத்தால் வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் போகும் உப்பு குறையும், இதயத்துடிப்பும் நிதானப்படும். ஆனால் இது வங்கியில் போட்ட பணம் அல்ல. சில வாரம் விட்டால் கரைந்துவிடும். ஒரு மாத விடுப்பில் ஊருக்குப் போய் மழையில் நனைந்துவிட்டு ஜூலையில் திரும்புகிறவர் முதல் நாளே பழைய வேகத்தில் மிதிப்பது ஆபத்து. ஏ.சி. வீடு, ஏ.சி. கார், ஏ.சி. அலுவலகம் என்று இருப்பவருக்குப் பழக்கமே வருவதில்லை. பத்து வருஷமாக வளைகுடாவில் இருக்கிறேன் என்பது இந்த விஷயத்தில் ஒரு தகுதியே அல்ல.

வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் தவறு. இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மயக்கமும் வலிப்பும் வரலாம். விலை உயர்ந்த பானப்பொடிகள் விற்கிறார்கள். நம் ஊர் உப்புப் போட்ட மோர் அதே வேலையைச் செய்யும். அங்கேயே எந்தக் கடையிலும் கிடைக்கும் லபான் அதன் அரபுச் சகோதரன். ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக்கொண்டால் போதும். கொளுத்தும் வெயிலில் உடம்பு சில்லிட்டுப் புல்லரித்தாலோ, கூட வருபவர் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தாலோ அத்தோடு சவாரி முடிந்தது. நிழல் தேட வேண்டும். இருக்கிற தண்ணீரை வாயில் ஊற்றுவதைவிட உடம்பில் ஊற்றி விசிற வேண்டும். 998க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும்.

வண்டிக்கும் தொல்லைதான். ஏ.சி. அறையில் காற்றடித்த டயரை 60 டிகிரி சூட்டில் நிறுத்தினால் உள்ளிருக்கும் அழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு கூடிவிடும். பழைய டியூப் என்றால் ஒட்டுப்போட்ட இடம் விட்டுக்கொடுக்கும். செயினில் எண்ணெய் அதிகம் போட்டால் மணல் ஒட்டிக்கொண்டு அரம் மாதிரிப் பல்லைத் தின்னும். ஷமால் காற்று அடிக்கும் நாளில் பாதையின் குறுக்கே மணல்மேடு புதிதாக முளைத்திருக்கும். குளிர்கால விடியலில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூடுபனி. பாலைவனத்தில் மூடுபனியா என்று கேட்பவர் டிசம்பரில் போய்ப் பார்க்கலாம்.

இவ்வளவு எச்சரிக்கையும் முதல் ரகத்துக்குத்தான் பயன்படும். ஏனென்றால் நேரம் அவர் கையில் இருக்கிறது. வெயில் ஏறினால் கார் இருக்கிறது. ஜூன் வந்தால் வீட்டுக்குள்ளேயே சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டி மிதித்துக்கொள்ளலாம். இரண்டாவது ரகத்தின் கடிகாரம் முதலாளியின் சுவரில் தொங்குகிறது.

துபாயின் விளிம்பில் முஹைஸ்னா என்ற பகுதி. அரசாங்க வரைபடத்தில்தான் அந்தப் பெயர். அங்கே தங்கியிருக்கும் இந்திய, பாகிஸ்தானி, வங்கதேசத் தொழிலாளர்கள் வாயில் அது சோனாப்பூர். பொன்னகரம். யாரோ கேலிக்கு வைத்ததா, ஏக்கத்தில் வைத்ததா தெரியாது, நிலைத்துவிட்டது. அங்கும், அல் கூஸ் தொழிற்பேட்டையிலும், அபுதாபியின் முஸஃபாவிலும் சைக்கிள் என்றால் சில நூறு திர்ஹாமுக்குக் கைமாறிய கனத்த இரும்பு வண்டி. முன்னால் கூடை, பின்னால் அகலக் கேரியர். நான்காவது, ஐந்தாவது உரிமையாளர் கையில் இருக்கும். பிரேக் பாதி பிடிக்கும். விளக்கு பெரும்பாலும் இருக்காது. தேராவிலும் சத்வாவிலும் குரோசரிக் கடைப் பையன்கள் இப்படிப்பட்ட வண்டியில்தான் பெரிய தண்ணீர்க் கேன்களைச் சுமந்துகொண்டு ஓடுகிறார்கள். மதியம் ஒரு மணிக்கு மூன்றாவது மாடியிலிருந்து ஒரு பாக்கெட் பாலுக்குப் போன் வந்தாலும் போக வேண்டியதுதான்.

ஏன் சைக்கிள்? மெட்ரோவும் பஸ்ஸும் நகரத்துக்குள் அருமையாக இயங்குகின்றன. ஆனால் கேம்ப் வாசலுக்கும் கிடங்கு வாசலுக்கும் இடையில் உள்ள நாலைந்து கிலோமீட்டரை அவை தொடுவதில்லை. டிரைவிங் லைசென்ஸ் வாங்க, வகுப்பும் தேர்வுமாகச் சில ஆயிரம் திர்ஹாம் ஆகும். மாதம் ஆயிரம் சொச்சம் சம்பளத்தில் அது நடக்காது. குவைத் இன்னும் ஒரு படி மேலே போய், 2010களில் வெளிநாட்டவருக்கு லைசென்ஸ் வேண்டுமானால் பட்டப்படிப்பும் 600 தினார் சம்பளமும் இருக்க வேண்டும் என்று விதித்தது. சில தொழில்களுக்கு மட்டும் விலக்கு. உழைப்பாளிக்கு யாருடைய அனுமதியும் கேட்காமல் கிடைக்கும் ஒரே வாகனம் சைக்கிள்தான்.

அங்கே வண்டிகள் சாலையின் வலதுபுறம் ஓடுகின்றன. முப்பது வருஷம் இடதுபுறம் ஓட்டிய உடம்பு, சாலையில் இறங்குமுன் தன்னையறியாமல் தவறான திசையைத்தான் முதலில் பார்க்கும். ரவுண்டானாவில் சுற்றும் திசையும் தலைகீழ். கூடவே, எதிர்ப்பக்கம் போய்த் திரும்ப ஒன்றரை கிலோமீட்டர் சுற்ற வேண்டும் என்பதால் எதிர்த்திசையில் மிதிப்பது வழக்கமாகிவிடுகிறது. இரவு ஷிப்ட் முடிந்து, விளக்கில்லாத வண்டியில், எண்பது கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வரும் லாரிகளைப் பார்த்தபடி. பகலில் கட்டடத் தொழிலாளியின் மின்னும் மேல்சட்டை இருக்கும். அதைக் கழற்றிவிட்டுக் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு இரவில் சாமான் வாங்கக் கிளம்பும்போதுதான் அது தேவைப்படுகிறது.

சட்டம் இருக்கிறது. துபாய் 2022இல் கொண்டுவந்த விதிகளின்படி ஹெல்மெட் கட்டாயம். 60 கிலோமீட்டருக்கு மேல் வேகம் அனுமதிக்கப்பட்ட சாலையில் சைக்கிள் போகக் கூடாது. மீறினால் 300 திர்ஹாம் அபராதம். ஒரு வங்கி அதிகாரிக்கு அது ஒரு வேளை ஹோட்டல் சாப்பாடு. அல் கூஸ் தொழிலாளிக்கு ஒரு வாரத்துக்கு மேல் செய்த வேலை. வண்டி பறிமுதலும் ஆகலாம். விபத்தில் தவறு அவர் பக்கம் என்று எழுதப்பட்டால் குடும்பத்துக்கு வரும் நஷ்டஈட்டிலும் கை வைக்கப்படும். விதி பாதுகாப்புக்காகத்தான், சந்தேகமில்லை. அந்தச் சாலைகள் கொல்லக்கூடியவை. ஆனால் தடுக்கப்பட்ட சாலைக்கு மாற்றுப்பாதை இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. துபாயில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதை இருக்கிறது. 2030க்குள் ஆயிரம் ஆக்குவது திட்டம். உலகில் பல நகரங்கள் பொறாமைப்படக்கூடிய எண். அதில் பார்ப்பதற்கு மிக அழகான பகுதிகள் கடற்கரையிலும் பாலைவனத்திலும் வட்டமடித்துத் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருகின்றன. கேம்ப்பிலிருந்து கிடங்குக்குப் போகிறவருக்கு வட்டம் தேவையில்லை, ஒரு நேர்கோடு போதும்.

மதிய இடைவேளைச் சட்டமும் அப்படித்தான். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது அமீரகத்தின் விதி. மீறும் முதலாளிக்கு ஒரு தொழிலாளிக்கு 5,000 திர்ஹாம் வீதம் 50,000 வரை அபராதம். இருபது ஆண்டுகளாக அமலில் இருக்கும் நல்ல விதி. ஆயிரக்கணக்கானவர்களை சாரத்திலிருந்து நிழலுக்கு இறக்கியிருக்கிறது. மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோகும் பையன்களுக்காக ஏ.சி. ஓய்வறைகளும் அண்மை ஆண்டுகளில் வந்திருக்கின்றன. ஆனால் வேலைக்குப் போகும் வழியும் வரும் வழியும் வேலை நேரத்தில் சேராது. சிமென்ட் சாரத்தைப் பார்த்து எழுதிய சட்டத்துக்குக் குரோசரிக்காரரின் கேரியர் எளிதில் கண்ணில் படுவதில்லை.

இதில் கத்தார் ஒரு விஷயத்தில் முன்னே போயிருக்கிறது. 2016 அக்டோபரில் தோஹாவில் உலக சாலை சைக்கிள் போட்டி நடந்தபோது, வெயில் மிஞ்சினால் பந்தய தூரத்தைக் குறைக்கலாமா என்று அதிகாரிகள் பேசினார்கள். அந்த வெயிலில்தான் பீட்டர் சகான் ஆண்கள் பட்டத்தை வென்றார். பந்தய வீரருக்காக யோசித்தது தொழிலாளிக்கு வர ஐந்து வருஷம் ஆனது. 2021 விதியின்படி ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மதியம் 3.30 வரை வெளிவேலை கூடாது. அதற்கும் மேலே, வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று நாலையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால் மணி என்னவானாலும் வேலையை நிறுத்த வேண்டும். கடிகாரத்தைப் பார்க்காமல் வெப்பத்தைப் பார்க்கும் சட்டம். இதை சைக்கிள் கேரியர்வரை நீட்ட எந்த வளைகுடா நாட்டுக்கும் புதிதாக விஞ்ஞானம் தேவையில்லை.

நவம்பரில் ஒரு விடுமுறை நாளில், 2020 முதல் ஆண்டுதோறும், துபாயின் ஷேக் ஸாயித் சாலையைக் காலையில் கார்களுக்கு மூடி சைக்கிள்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். கட்டணம் கிடையாது. யாரும் வரலாம். இரும்பு வண்டிக்காரர்களும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வருகிறார்கள். உலகின் உயரமான கட்டடத்தைக் கடந்து அந்த அகலச் சாலையின் நடுவே மிதித்து, படம் எடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். மறுநாள் அதே சாலையில் சைக்கிள் வைத்தால் 300 திர்ஹாம்.

அமீரகத்தையும் கத்தாரையும் இந்தியா திருத்த முடியாது. ஆனால் 2018 முதல் வளைகுடாவுக்குப் போகும் தொழிலாளர்களுக்கு வெளியுறவு அமைச்சகம் ஒரு நாள் பயணத்துக்கு முந்தைய பயிற்சி நடத்துகிறது. ஒப்பந்தம், சம்பளம், அங்குள்ள சட்டம், தூதரகத்தின் உதவி எண் எல்லாம் சொல்லித்தருகிறார்கள். அந்த ஒரு நாளில் கால் மணி நேரம் சைக்கிளுக்கு ஒதுக்கலாம். வாகனம் எந்தப் பக்கம் வரும், எந்த வேகச் சாலையில் இறங்கவே கூடாது, ஊரிலிருந்து திரும்பிய முதல் வாரம் உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்வது, வியர்வை நின்றால் என்ன அர்த்தம், 998 எதற்கு. பெட்டியில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் பேட்டரியில் எரியும் சிவப்புப் பின்விளக்கு ஒன்றையும் வைத்து அனுப்பச் சொல்லி வீட்டாருக்கும் சொல்லலாம். நம் ஊர் சைக்கிள் கடையில் அது ஒரு சினிமா டிக்கெட் விலைக்குக் கிடைக்கிறது.